பழைய மடக்குக் கூரைக் கார் வாங்கியவருக்கு: எஞ்சினின் நலத்தை அறியும் முறை

பழைய கார் ஒன்று, அதுவும் துணிக்கூரையைப் பின்னால் மடக்கி வைக்கக்கூடிய மொறிஸ் மைனர் ஒன்று, கிளிநொச்சியிலோ ஒட்டுசுட்டானிலோ மல்லாவியிலோ ஒரு வீட்டு முற்றத்தில் லொறியில் வந்து இறங்கினால், அன்று பின்னேரத்துக்குள் அங்கே ஆட்கள் கூடிவிடுவார்கள். ஒருவர் தமது உழவு இயந்திரத்தின் பற்றரியைக் கழற்றிக்கொண்டு வருவார். இன்னொருவர் போத்தலில் பெற்றோல் கொண்டுவருவார். "ஒருக்கா ஸ்ரார்ட் பண்ணிப் பாப்பமே அண்ணை" என்ற பேச்சு எழும். அந்த ஆவல் இயல்பானதே. ஆனாலும் ஆண்டுக்கணக்கில் ஓடாமல் கிடந்த எஞ்சினுக்கு நேரக்கூடிய பெரிய சேதம் பல வேளைகளில் அந்த முதல் ஸ்ரார்ட்டின் முதல் நிமிடத்திலேயே நேர்ந்துவிடுகிறது. காய்ந்துபோன சிலிண்டர் சுவரில் பிஸ்டன் றிங்குகள் உராய்கின்றன. சுழலும் தண்டைத் தாங்கும், ஒயில் இன்னும் ஏறாத பெயாரிங்குகளில் உலோகத்தோடு உலோகம் தேய்கிறது. ஆகவே எஞ்சினை ஓடவிட்டுப் பார்ப்பது சோதனையின் நடுக்கட்டமாக இருக்க வேண்டும். அதற்கு முன்னே பார்க்க வேண்டியவை பல உள்ளன. அவற்றை, கார் வேலையில் முன்னனுபவம் இல்லாதவரும் விளங்கிக்கொள்ளும்படி, ஒழுங்கு முறையாக இங்கே எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாக மொறிஸ் மைனரையே கொள்வோம். 1948 முதல் 1971 வரை செய்யப்பட்ட இக்காரின் மடக்குக் கூரை வகை 1969 வரை தயாரிக்கப்பட்டது. தொடக்கத்தில் 918 சிசி பக்கவால்வு எஞ்சினும், 1952 முதல் 803 சிசி, 1956 முதல் 948 சிசி, 1962 முதல் 1098 சிசி என்று ஏ-வரிசை எனப்படும் ஒரே குடும்பத்து எஞ்சின்களும் இதில் பொருத்தப்பட்டன. ஒஸ்ரின் ஏ35, ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற், 1961 முதல் 1974 வரையான எம்ஜி மிட்ஜெற் ஆகியவற்றிலும் இதே ஏ-வரிசைதான் உள்ளது. ஆதலால் இங்கே சொல்லும் முறை அவற்றுக்கும் பெரிதும் பொருந்தும். நம் பக்கத்தில் இன்றும் காணக்கூடிய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜுக்கு முறை ஒன்றே, அளவுகள் வேறு.

எஞ்சினின் நலம் என்பது என்ன

பிஸ்டன் கீழிறங்கும்போது காற்றும் பெற்றோலும் கலந்த கலவை சிலிண்டருக்குள் இழுக்கப்படுகிறது. மேலேறும்போது அது அமுக்கப்படுகிறது. அமுங்கிய கலவைக்குப் பிளக் பொறி கொடுக்க, அது எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டன் மீண்டும் மேலேறுகையில் எரிந்த புகை வெளியே போகிறது. இந்த நான்கு வீச்சுகளில் இரண்டாவதையே நம் கராஜ்களில் கொம்பிரஷன் என்கிறோம். 948 சிசி எஞ்சினின் வழக்கமான வகையில் கலவை 8.3 மடங்கு சுருக்கப்படுகிறது. கலவை எவ்வளவு இறுக்கமாக அமுங்குகிறதோ அவ்வளவு வலுவாக அது தள்ளும். இடையில் எங்காவது கசிந்தால் வலு போய்விடும்.

கசிவதற்கு மூன்று வழிகளே உண்டு. பிஸ்டனைச் சுற்றியுள்ள றிங்குகளுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையால் கீழே கசியலாம்; சரியாக மூடாத வால்வுகளால் கசியலாம்; மேல் மூடியான சிலிண்டர் ஹெட்டுக்கும் அதன் கீழே சிலிண்டர்கள் உள்ள பிளாக்குக்கும் நடுவிலுள்ள கஸ்கற் என்னும் அடைப்புத் தகடு எரிந்து அதனூடாகக் கசியலாம். சைக்கிள் பம்பின் வாயைப் பெருவிரலால் பொத்திக்கொண்டு கைபிடியை அமுக்கிப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். உள்ளே இருக்கும் தோல் வாசர் நன்றாக இருந்தால் காற்று விரலைத் தள்ளிக்கொண்டு வரும். வாசர் காய்ந்துவிட்டால் கைபிடி சும்மா கீழே இறங்கிவிடும். அந்த வாசருக்கு நாலு சொட்டு எண்ணெய் விட்டால் மறுபடியும் பிடிக்கும். கொம்பிரஷன் சோதனையின் அடிப்படை முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கிறது.

இந்த இறுக்கத்தைக் காப்பவை இரண்டு. ஒன்று, ஒயில் போதிய அமுக்கத்தோடு எல்லாப் பெயாரிங்குகளுக்கும் போய்ச் சேர்வது. மற்றையது, எரிதலின் சூட்டைத் தண்ணீர் உரிய அளவில் கடத்திக்கொண்டு போவது. கொம்பிரஷன், ஒயில், சூடு என்னும் இம்மூன்றும் எப்படி இருக்கின்றன என்று அறிந்தவர் அந்த எஞ்சினின் நலத்தை அறிந்துவிட்டார். நாலு சிலிண்டர் எஞ்சின் மூன்று சிலிண்டரிலும் ஓடும், தேய்ந்த பெயாரிங்குகளோடும் சில காலம் ஓடும் என்பதால், ஓடுகிறது என்ற ஒன்றை மட்டும் கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது.

காரின் கடந்த காலம்

வன்னியில் இருந்த பழைய வாகனங்களுக்கு வேறிடத்து வாகனங்களுக்கு இல்லாத ஒரு வரலாறு உண்டு. 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காமற் போன காலத்தில், மோட்டார் சைக்கிள்களும் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. காற்றையும் பெற்றோலையும் கலக்கும் காபரேற்றருக்குள் சிறிதளவு பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனதும், பிள்ளைகளைச் சோதனை மண்டபத்துக்குக் கொண்டுபோனதும் அப்படி ஓடிய வாகனங்கள்தாம். அவற்றை ஓடவைத்த மெக்கானிக்குகளின் திறமை பெரிது. அந்த ஓட்டத்துக்கு எஞ்சின் கொடுத்த விலையும் பெரிது.

மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் ஆவியாவதில்லை. ஆவியாகாத பகுதி துளிகளாகச் சிலிண்டர் சுவரில் படிந்து, அங்குள்ள ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு, றிங்குகளைத் தாண்டிக் கீழே ஒயிலோடு கலக்கிறது. இதனால் சுவரும் தேய்கிறது, ஒயிலும் நீர்த்துப்போகிறது. நீர்த்த ஒயில் பெயாரிங்குகளைத் தேய்க்கிறது. முழுதாக எரியாத மிச்சம் கரியாகப் பிஸ்டன் தலையிலும் வால்வுகளிலும் றிங் இருக்கும் தவாளிப்புகளிலும் படிந்து, றிங்குகளை அசையவிடாமல் ஒட்டிவிடுகிறது. தானாக வெடிக்காமல் அமுக்கத்தைத் தாங்கும் திறனைக் காட்டும் ஒக்ரேன் அளவு மண்ணெண்ணெய்க்கு மிகக் குறைவு என்பதால், அமுக்கத்தில் தானாக வெடித்து எஞ்சின் தட்டவும் செய்யும். ஆகவே விற்றவரிடம் முதலில் கேட்க வேண்டியவை: கடைசியாக எப்போது ஓடியது, அந்தக் காலத்தில் எதில் ஓடியது, அதன் பின் ஹெட் கழற்றப்பட்டதா, றிங் மாற்றப்பட்டதா. இடப்பெயர்வுகளின்போது கைவிடப்பட்டு வெளியில் மழையிலும் உப்புக்காற்றிலும் கிடந்து மீட்கப்பட்ட கார் என்றால், சிலிண்டருக்குள் துரு இருக்கும் என்று எடுத்துக்கொண்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே பார்த்துவிடுங்கள். எஞ்சின் இலக்கம் பிளாக்கின் வலப்பக்கத்தில் உள்ள சிறு தகட்டில் இருக்கும். அது பதிவுப் புத்தகத்தில் உள்ள இலக்கத்தோடு ஒத்திருக்கிறதா என்று பார்ப்பது சட்டத்துக்காக மட்டுமல்ல. பிந்திய 948 சிசி எஞ்சினின் இலக்கம் 9எம் என்றும், 1098 சிசி எஞ்சினின் இலக்கம் 10எம் என்றும் தொடங்கும். தொடர்ந்து வரும் எழுத்துகளில் ஆங்கில எச் இருந்தால் உயர் கொம்பிரஷன் வகை, எல் இருந்தால் தாழ்ந்த கொம்பிரஷன் வகை. பின்னால் மீற்றரில் வரும் அளவைப் பொருள்கொள்ள இது வேண்டும்.

குளிர்ந்த எஞ்சினில் பார்க்க வேண்டியவை

பொனற்றைத் திறந்ததும் கண்ணால் பார்த்தே பலவற்றை அறியலாம். ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்து, இரண்டு விரல்களுக்கு இடையில் ஒயிலைத் தேய்த்து மணந்து பாருங்கள். மண்ணெண்ணெய் அல்லது பெற்றோல் மணம் வீசி, தண்ணீர் போல வழுக்கினால் எரிபொருள் கலந்திருக்கிறது. ஒயில் ஊற்றும் மூடியின் அடியில் வெளிறிய பழுப்பு நிறப் பசை தடிப்பாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கக்கூடும். நீண்ட காலம் நின்ற காரில் ஈரப்பதனாலும் சிறிதளவு இப்படிப் படியும் என்பதால், கீழே உள்ள வடிகால் ஆணியைச் சற்றுத் தளர்த்தி, முதலில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தே உறுதி செய்ய வேண்டும். ஒயில் வழமைக்கு மாறாக மிகத் தடிப்பாக இருந்தாலும் யோசியுங்கள். புகையையும் தட்டும் சத்தத்தையும் சில நாட்களுக்கு மறைப்பதற்காகத் தடித்த ஒயில் ஊற்றி விற்பதுண்டு.

றேடியேற்றர் மூடியைத் திறந்து தண்ணீரின் மேல் ஒயில் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள். காற்று வடிகட்டியையும் சைலன்சர் குழாயின் வாயையும் கட்டாயம் பாருங்கள். நெல்லு மூடைகளோடு கொட்டிலில் நின்ற காரில் எலி கூடு கட்டியிருக்கும், வயரையும் கடித்திருக்கும். குளவி களிமண்ணால் குழாயின் வாயை அடைத்திருக்கும்.

பின்னர் நான்கு பிளக்குகளையும் கழற்றி, எது எந்தச் சிலிண்டருக்குரியது என்று மாறிவிடாமல், ஒரு பத்திரிகைத் தாளில் வரிசையாக வையுங்கள். முன்னால் றேடியேற்றர் பக்கம் இருப்பது முதலாவது. மெல்லிய பழுப்பு நிறம் நல்ல எரிதலைக் காட்டும். காய்ந்த கரி கலவையில் பெற்றோல் கூடியதைக் காட்டும். ஈரக் கறுப்பு ஒயில் மேலே வருவதைக் காட்டும். மூன்று பிளக் ஒரே நிறமாகவும் ஒன்று வேறாகவும் இருந்தால், சோதனையின் மிச்சம் முழுவதிலும் அந்தச் சிலிண்டரின் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

பிளக் துளைகளூடாக ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு மேசைக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு, ஓர் இரவாவது, கூடுமானால் இரண்டு மூன்று நாட்கள், அப்படியே விடுங்கள். அதன் பின்னரே எஞ்சினைச் சுற்றிப் பார்க்கலாம். மொறிஸ் மைனருக்கு முன்பக்கத்தால் செருகிச் சுற்றும் கைபிடி உண்டு என்பது நமக்குப் பெரிய வசதி. கியர் நியூற்றலில் இருக்க, பிளக்குகள் வெளியே இருக்க, மெதுவாகச் சுற்றுங்கள். பெருவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைத்துக் கைபிடியைப் பிடிக்க வேண்டும். சுற்றி வளைத்துப் பிடித்தால், பின்னாளில் எஞ்சின் திருப்பி உதைக்கும்போது விரல் முறியும். இந்தப் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கைக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். எஞ்சின் இறுகியிருந்தால் பலத்தைப் பிரயோகிக்க வேண்டாம். மீண்டும் ஒயில் விட்டுக் காத்திருங்கள். நீண்ட குழாயைக் கைபிடியில் மாட்டித் திருப்பினால், துருவில் ஒட்டிய றிங் உடைந்து சிலிண்டரையே கீறிவிடும்.

இலகுவாகச் சுற்றுகிறது என்றால் பிளக்குகளை மீண்டும் பூட்டிச் சுற்றுங்கள். இரண்டு முழுச் சுற்றில் நான்கு இடங்களில் கைபிடி எதிர்த்து நிற்பதை உணர வேண்டும். நான்கும் ஒரே அளவாக எதிர்க்கின்றனவா, ஒன்று மட்டும் இளகிப் போகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு கையால் கவனியுங்கள். மீற்றர் எதுவும் இல்லாத காலத்தில் நல்ல மெக்கானிக்குகள் எஞ்சினை மதிப்பிட்ட முறை இதுவே. இன்றும் இதற்கு ஈடாக எனக்கு வேறொன்று தெரியவில்லை.

முதல் ஸ்ரார்ட்

பழைய ஒயிலை வடித்து, வடிகட்டியை மாற்றி, 20டபிள்யூ-50 தடிப்புள்ள புதிய ஒயில் விடுங்கள். வடிகட்டியோடு சேர்த்து மூன்றரை லீற்றருக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும். தாங்கியில் கிடந்த பழைய பெற்றோலை முற்றாக அகற்றுங்கள்; அது கெட்டுப் பிசினாகிக் காபரேற்றரை அடைக்கும்.

பற்றரி பூட்டும்போது மிகவும் கவனம் தேவை. இந்தக் கார்களில் பற்றரியின் நேர் முனை உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய வாகனங்களில் இது மறுதலை என்பதால், உழவு இயந்திரத்துக்கும் லாண்ட்மாஸ்ரருக்கும் பூட்டிப் பழகிய கை பழக்கத்தில் மாற்றிப் பூட்டிவிடும். இடையில் யாராவது முறையை மாற்றியும் இருக்கலாம். பூட்டுமுன் எந்த முனையின் தடித்த வயர் உடலுக்குப் போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

1956 முதல் வந்த வகையான மொறிஸ் மைனர் 1000இன் முன்பலகையில் ஒயிலுக்கு ஒரு சிறு விளக்கு மட்டுமே உண்டு. அந்த விளக்கு மிகக் குறைந்த அமுக்கத்திலேயே அணைந்துவிடும். அணைந்தது என்பதால் அமுக்கம் போதும் என்று பொருளல்ல. எனவே விளக்கின் சுவிச் இருக்கும் துளையில், தற்காலிகமாக என்றாலும், ஊசி காட்டும் ஒயில் மீற்றர் ஒன்றைப் பூட்டிக்கொள்ளுங்கள். இந்தக் காருக்குச் செலவழிக்கும் முதற்பணம் அதற்காக இருக்கட்டும். புதிய துணிக்கூரை அதற்குப் பின்னால் வரலாம்.

இப்போது பிளக்குகளைக் கழற்றிவிட்டு, பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலின் மெல்லிய வயரையும் கழற்றிவிட்டு, ஸ்ரார்ட்டரால் எஞ்சினைச் சுற்றுங்கள். கொம்பிரஷன் இல்லாததால் அது வேகமாகவும் இலகுவாகவும் சுழலும்; ஒயில் மேலேறி மீற்றரின் ஊசி அசையும். தொடர்ந்து சுற்றாமல், சில விநாடிகள் சுற்றிச் சற்று ஓய்வு கொடுத்துச் செய்யுங்கள். ஊசி எழும்பிய பின்னரே பிளக்குகளைப் பூட்டி, வயரை இணைத்து, எஞ்சினை ஓடவிட வேண்டும். சாவியைத் திருப்பியதும், பெற்றோலை அனுப்பும் எஸ்யூ மின்பம்ப் டிக் டிக் என்று சில தடவை அடித்து ஓய வேண்டும். ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தால் பெற்றோல் எங்கோ ஒழுகுகிறது, அல்லது தாங்கியிலிருந்து வரவில்லை. அப்படியே விட்டுவிட்டு ஸ்ரார்ட் செய்வது தீப்பிடிக்க வழி.

ஓடத் தொடங்கியதும் முதலில் புகைக்குழாயைப் பார்க்காமல் ஒயில் மீற்றரைப் பாருங்கள். குளிரில் அமுக்கம் உயர்ந்து நிற்கும். உண்மை தெரிவது எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின்னரே. நல்ல நிலையிலுள்ள எஞ்சின் சூடாக ஓடும்போது சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தலை ஒட்டியும், சும்மா நின்று இயங்கும்போது ஏறத்தாழ 15 இறாத்தலும் காட்டும். ஓடும்போதே 30க்குக் கீழே போனால் பெயாரிங்குகளோ ஒயில் பம்போ தேய்ந்திருக்கின்றன. அந்தக் காரை யாழ்ப்பாணம் வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று எண்ண வேண்டாம்.

கொம்பிரஷன் சோதனை

முன்னர் சிலிண்டர்களுக்குள் விட்ட ஒயில் எரிந்து தீரும்வரை கொம்பிரஷன் மீற்றர் பொய்யாகக் கூடுதலான அளவையே காட்டும். பம்பின் வாசருக்கு எண்ணெய் விட்டது போன்ற நிலை அது. ஆகவே எஞ்சினைச் சில தடவை நன்றாகச் சூடேற ஓடவிட்ட பின்னரே இச்சோதனையைச் செய்ய வேண்டும். மீற்றரிலும் ஒரு கவனம் வேண்டும். நம்மூர்க் கராஜ்களில் உழவு இயந்திரத்துக்கு வைத்திருப்பது டீசல் மீற்றர். அதன் அளவுகோல் மிகப் பெரியது. பெற்றோல் எஞ்சினில் முக்கியமான பத்து, பதினைந்து இறாத்தல் வித்தியாசம் அதில் தெரியாது. 300 இறாத்தல் வரை காட்டும் பெற்றோல் மீற்றரைத் தேடி எடுங்கள்.

சூடான எஞ்சினில் நான்கு பிளக்குகளையும் கழற்றி, கொயிலின் மெல்லிய வயரையும் கழற்றி, ஒருவர் அக்சிலேற்றரை முழுதாக மிதித்துக்கொண்டிருக்க, மீற்றரை முதலாம் துளையில் இறுக்கி, ஊசி மேலும் ஏறாமல் நிற்கும்வரை, அதாவது ஐந்தாறு அமுக்கங்கள் வரை, ஸ்ரார்ட்டரால் சுற்றுங்கள். அக்சிலேற்றரை மிதிக்க மறந்தால் காற்று உள்ளே போகாது, எல்லாச் சிலிண்டரும் குறைவாகவே காட்டும். பற்றரி சோர்ந்திருந்தாலும் அப்படியே. நான்கு அளவுகளையும் கொப்பியில் எழுதுங்கள். உயர் கொம்பிரஷன் வகையில் 150 இறாத்தலை ஒட்டியும், தாழ்ந்த வகையில் 120ஐ ஒட்டியும் வந்தால் மகிழலாம். ஆனால் தனி அளவைவிட முக்கியமானது நான்குக்கும் இடையிலான ஒற்றுமை. உயர்ந்ததற்கும் தாழ்ந்ததற்கும் இடையே பத்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. நான்கும் 125 காட்டும் எஞ்சின், மூன்று 155உம் ஒன்று 95உம் காட்டும் எஞ்சினைவிட நிம்மதியாக ஓடும்.

குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மீண்டும் அளவுங்கள். அளவு நன்றாக ஏறினால், ஒயில் றிங்கைச் சுற்றி அடைத்திருக்கிறது. கசிவு றிங்கிலும் சிலிண்டர் சுவரிலும் உள்ளது. ஏறாவிட்டால் கசிவு மேலே, வால்வில். அருகருகே உள்ள இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்து, ஒயில் விட்டும் ஏறவில்லை என்றால் அவற்றின் நடுவே கஸ்கற் எரிந்திருக்கிறது. ஏ-வரிசையில் இது இரண்டாம் மூன்றாம் சிலிண்டர்களுக்கு இடையில் அடிக்கடி நிகழ்கிறது. இந்த வேறுபாடு பணத்தில் பெரிது. கஸ்கற்றும் வால்வும் ஹெட்டைக் கழற்றி ஒரு வார இறுதியில் முடியும் வேலை. றிங்கும் சுவரும் என்றால் எஞ்சினை இறக்கி, லேத் பட்டறைக்கு அனுப்பி, அளவு கூடிய பிஸ்டன் தேடும் வேலை.

வால்வு என்று தெரிந்தாலும் உடனே ஹெட்டைக் கழற்றாதீர்கள். முதலில் வால்வுக்கும் அதை அமுக்கும் நெம்புகோலுக்கும் இடையிலுள்ள ரப்பெற் இடைவெளியைப் பாருங்கள். குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம், அதாவது ஏறக்குறைய 0.30 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். இடைவெளி இல்லாமற் போனால் வால்வு முழுதாக மூடாது, கொம்பிரஷன் போகும். திருப்புளியாலும் ஸ்பானராலும் அரை மணி நேரத்தில் சரிசெய்யக்கூடிய குறைக்காக ஹெட்டைக் கழற்றியவர்கள் உண்டு. எட்டு வால்வுகளுக்கும் முன்னாலிருந்து ஒன்று முதல் எட்டு வரை இலக்கம் கொடுத்து, திறந்து நிற்கும் வால்வின் இலக்கத்தை ஒன்பதிலிருந்து கழியுங்கள். வருவதே அப்போது அளக்க வேண்டிய வால்வு. எட்டாவது முழுதாகத் திறந்திருக்கும்போது முதலாவதை அளவுங்கள், ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை.

இந்த இடைவெளி மீண்டும் மீண்டும் குறைந்துகொண்டே வந்தால் அதற்கு வேறு காரணம் உண்டு. இந்த எஞ்சின்கள் ஈயம் கலந்த பெற்றோலுக்காகச் செய்யப்பட்டவை. இலங்கையில் 2002க்குப் பின் ஈயம் கலந்த பெற்றோல் இல்லை. வார்ப்பிரும்பு ஹெட்டில் நேரடியாகக் கடையப்பட்ட வால்வு இருக்கைகள், ஈயத்தின் காப்பு இல்லாமல், நீண்ட நேரம் வேகமாக ஓடும்போது தேய்ந்து அமிழ்கின்றன. எப்படியும் ஹெட் கழற்றும் வேலை வந்தால், கடினமான இருக்கை வளையங்களைப் போட்டுவிடுவது நல்லது.

புகை, சத்தம், சூடு

புகையின் நிறத்தை எல்லோரும் பார்ப்பார்கள். அது வரும் வேளையைப் பார்ப்பவர் குறைவு. வேகத்தைக் கூட்டும்போதெல்லாம் தொடர்ந்து நீலமாக வந்தால் றிங்குகள் தேய்ந்திருக்கின்றன. காலை எடுத்துச் சிறிது தூரம் உருளவிட்டு மீண்டும் மிதிக்கையில் ஒரு முறை மட்டும் நீலப் புகை வந்து மறைந்தால், வால்வுத் தண்டின் வழியாக ஒயில் இறங்குகிறது; அது அவ்வளவு அவசரமானதல்ல. கறுப்புப் புகை பெற்றோல் கூடுவதால் வருவது. குளிர் ஸ்ரார்ட்டுக்காகக் கலவையில் பெற்றோலைக் கூட்டும் சொக் முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். மார்கழி விடியலில் சிறிதளவு வெள்ளை ஆவி இயல்பு. சூடேறிய பின்னும் வெள்ளையாக வந்து, றேடியேற்றரில் தண்ணீரும் குறைந்தால் கஸ்கற்.

சத்தத்தைக் கேட்க நீண்ட திருப்புளியின் நுனியை எஞ்சினில் வைத்துப் பிடியைக் காதோடு சேர்த்தால் போதும். சுழலும் விசிறியிலிருந்து சட்டையும் தலைமயிரும் விலகியிருக்கட்டும். மேலே வரும் மெல்லிய டிக் டிக் ரப்பெற்றுடையது. முன்பக்கம் சும்மா இயங்கும்போது கிலுகிலுத்தால் ரைமிங் செயின். கீழிருந்து, பாரம் ஏறும்போது வரும் கனத்த தட்டல் பெயாரிங்கினுடையது. அதைக் கேட்டால் எஞ்சினை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். கிளச் கூட்டின் அடியிலுள்ள சிறு துளையால் ஒயில் சொட்டுவதைக் கண்டு கலங்க வேண்டாம். இந்த எஞ்சினின் பின்பக்கம் சிறிது கசிவது அதன் அமைப்பு. றிங் தேய்ந்து கீழறையில் அமுக்கம் கூடும்போது மட்டும் அக்கசிவு மிகும்.

சூட்டைப் பொறுத்தவரை வன்னிக்கே உரிய பிரச்சினை தண்ணீர். நம் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் வன்தண்ணீர். கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவு எஞ்சினின் தண்ணீர்ப் பாதைகளிலும் படிகிறது, பின்பக்கம் நாலாம் சிலிண்டரைச் சுற்றி அதிகம் சேர்கிறது. பிளாக்கின் பின்பகுதியில் உள்ள வடிகால் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வராவிட்டால் அங்கே சேறும் படிவும் அடைத்திருக்கின்றன. கம்பியால் குத்தி, தோட்டக் குழாயால் இரு பக்கமும் மாறி மாறிக் கழுவுங்கள். பிறகு பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ வடித்த தண்ணீரோ கொண்டு, துருத்தடுப்பு கூலன்ற் கலந்து நிரப்புங்கள். றேடியேற்றரின் வெளிப்பக்கத் தகடுகளுக்குள் சிக்கியிருக்கும் வைக்கோல் தூசையும் கிரவல் புழுதியையும் பின்னாலிருந்து தண்ணீர் அடித்து அகற்றுங்கள். இந்தக் காரில் சூடு காட்டும் மீற்றரும் இல்லை. ஒயில் மீற்றரோடு அதையும் சேர்த்துப் பூட்டிவிடுவது உசிதம்.

வீதியில் ஒரு ஓட்டம்

இவ்வளவும் சரியென்றால், வெயில் ஏறுமுன் கிளிநொச்சியிலிருந்து முறிகண்டி வரை ஏ9 வீதியில் ஒரு முறை போய் வாருங்கள். மட்டமான, நேரான பாதை. பிள்ளையார் கோயிலடியில் எல்லோரும் நிறுத்துவது போல நிறுத்தி, எஞ்சினைச் சற்று நேரம் சும்மா இயங்கவிட்டு, ஒயில் மீற்றரும் சூடும் எங்கே நிற்கின்றன என்று பார்த்துக்கொள்ளலாம். போகும்போது கூரையை மடக்கியும், வரும்போது மூடியும் ஓட்டுங்கள். மடக்கியிருக்கும்போது எஞ்சினின் சத்தம் மறைப்பின்றிக் கேட்கும். மூடியதும் உள்ளே எரிந்த ஒயிலின் மணமோ புகை மணமோ வந்தால், அது றிங்கைத் தாண்டி வரும் புகையாக இருக்கலாம், சைலன்சர் குழாயின் ஓட்டையாகவும் இருக்கலாம்; பின்னது உயிருக்கே ஆபத்தானது என்பதால், கூரையை மீண்டும் மடக்கி, காரணத்தைக் கண்டுபிடித்த பிறகே மூடி ஓட்டுங்கள்.

குழாயைப் பார்ப்பதற்காக யக் வைத்து உயர்த்தும்போது கதவுகளைக் கவனியுங்கள். இரும்புக் கூரை இல்லாத காரின் பலம் முழுவதும் கதவுகளுக்குக் கீழேயுள்ள சட்டங்களிலும் தரையிலும் இருக்கிறது. உயர்த்தும்போது கதவின் இடைவெளி மாறி, திறந்து மூட இறுகினால், சட்டம் துருவில் தளர்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எஞ்சினை இறக்கி ஏற்றுவது வீண் வேலை.

வீடு வந்ததும் எஞ்சின் ஆறமுன் பிளக்குகளை மீண்டும் கழற்றி, கொம்பிரஷனை இன்னொரு முறை அளந்து, முதல் அளவுகளின் கீழே திகதியோடு எழுதுங்கள். ஒட்டிக் கிடந்த றிங்குகள் ஓட ஓட இளகி, அளவு ஏறுவது உண்டு. ஆகவே முதற்சோதனையில் 110, 115 என்று வந்த எஞ்சினை உடனே பிரிக்க வேண்டாம். ஐந்நூறு கிலோமீற்றர் அளவோடு ஓட்டி, ஒயிலை மறுபடியும் மாற்றி, அதன் பின் அளந்த இலக்கங்களோடு மெக்கானிக்கிடம் போங்கள்.